வெள்ளைப் பட்டை டயர்: வாங்கலாமா, வளையம் மாட்டலாமா, கறுப்போடு நிறுத்திக்கொள்ளலாமா?

மைத்துனனின் ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 வண்டிக்கு டயர் தேய்ந்துவிட்டது. வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு டயர் கடை வாசலில் நின்றுகொண்டு போன் செய்தான். "மாமா, உங்கள் வண்டியில் இருக்கிற வெள்ளை டயர் என் வண்டிக்கு வருமா?" கடைக்காரர் அவன் பக்கத்திலேயே நின்று என் பதிலுக்காகக் காத்திருப்பது போனிலேயே தெரிந்தது. "இன்றைக்கு எதையும் வாங்காதே, வீட்டுக்கு வா" என்றேன். அன்று மாலை அவனுக்குச் சொன்னதையும் சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் வண்டி கோவன் கிளாசிக் 350. ராயல் என்ஃபீல்டு 2024 நவம்பரில் அறிமுகம் செய்த வண்டி. கம்பிச் சக்கரம், ஆனாலும் டியூப்லெஸ், தொழிற்சாலையிலிருந்தே பக்கவாட்டில் வெள்ளைப் பட்டை ஓடும் டயரோடு வருகிறது. இரண்டு பக்கமும் பை கட்டிக்கொண்டு ஏலகிரி, ஜவ்வாது மலை, சில சமயம் பெங்களூர் என்று சுற்றுகிறேன். அதற்கு முன் பழைய புல்லட் ஒன்று இருந்தது. அதில் வெள்ளை வளையமும் மாட்டினேன், பெயிண்டும் அடித்தேன். ஆக, இந்த வெள்ளை மோகத்தில் விழக்கூடிய எல்லாப் பள்ளங்களிலும் ஒரு தடவை விழுந்து எழுந்தவன் என்ற தகுதி எனக்கு உண்டு.

முதலில் அளவு. அழகைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே பாதிப் பேருக்கு இங்கேயே முடிவு தெரிந்துவிடும். கோவன் கிளாசிக்கின் முன்டயர் 100/90-19. கிளாசிக் 350, மீட்டியார் 350, சூப்பர் மீட்டியார் 650 மூன்றுக்கும் முன்னால் இதே அளவுதான். மைத்துனனுக்கு ஆசை பிறந்ததும் இதனால்தான். பின்னால்தான் வழி அடைபடுகிறது. கோவனுக்கு 130/90-16, மீட்டியாருக்கு 140/70-17, கிளாசிக்குக்கு 120/80-18. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்தது, அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு டயரின் உயரம் என்பது. கடைசியில் இருக்கும் எண் ரிம்மின் விட்டம், அங்குலக் கணக்கில். 16 அங்குல டயர் 17 அங்குல ரிம்மில் ஏறவே ஏறாது. ஆக மீட்டியாருக்கு என் டயர் முன்னால் மட்டும்தான் பொருந்தும். "முன்னால் வெள்ளை, பின்னால் கறுப்பு, அதுவும் ஒரு ஸ்டைல்தானே?" என்றான். ஒரு காலில் மட்டும் செருப்புப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவதும் ஒரு ஸ்டைல்தான்.

சூப்பர் மீட்டியார் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நுட்பமான ஆபத்து ஒன்று இருக்கிறது. அதன் பின்டயர் 150/80-16. ரிம் விட்டம் கோவனுக்குச் சமம். 150இல் 80 விழுக்காடு 120 மில்லிமீட்டர். 130இல் 90 விழுக்காடு 117. உயரத்திலும் 3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பார்த்தால் பொருந்திவிடும் போலத் தோன்றும். ஆனால் கோவனின் எடை 197 கிலோ, சூப்பர் மீட்டியாரின் எடை 241 கிலோ. இஞ்சினும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அகலமான ரிம்மில் குறுகிய டயரை இழுத்து மாட்டி, பின்னால் ஆளையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போவது வெள்ளைப் பட்டைக்காகச் செய்யத் தகுந்த காரியமில்லை. டயரின் பக்கத்தில் அளவை அடுத்து ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். எண் அது தாங்கும் சுமைக்கு, எழுத்து அது தாங்கும் வேகத்துக்கு. வண்டியோடு வந்த டயரில் இருப்பதைவிட அவை குறையக் கூடாது. நிறமெல்லாம் அதற்குப் பிறகு.

ஹார்லி டேவிட்சன் கம்பெனியின் பெரிய வண்டியான ஹெரிடேஜ் கிளாசிக்கின் பின்னளவும் 150/80-16தான். அந்த வகை வண்டிகளுக்காக வெளிநாடுகளில் வெள்ளைப் பட்டை டயர்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. இங்கே அப்படியில்லை. 2020 ஜூனில் டயர் இறக்குமதி, அரசு அனுமதி வாங்கியே செய்ய வேண்டிய கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்குப் போய்விட்டது. இந்தியாவில் விற்கும் டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். பழைய வட ஆர்க்காட்டுக்குள்ளேயே அரக்கோணத்தில் எம்.ஆர்.எஃப். ஆலை இருக்கிறது, ஒரகடத்தில் அப்பல்லோ டயர் ஆலை இருக்கிறது, சென்னைப் பக்கம் போனால் காற்றிலேயே ரப்பர் வாசம். இருந்தும் வேலூர் கடைகளில் வெள்ளைப் பட்டை கேட்டால் "சொல்லி வைத்தால் வரும்" என்பதுதான் பதில். கேட்பவர்கள் குறைவு, அதனால் அடுக்கி வைப்பவர்களும் குறைவு.

இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. விற்பனை மெதுவாக நடக்கும் டயர் கடையிலும் கிடங்கிலும் நீண்ட நாள் கிடக்கும். பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு ஒரு நீண்ட வரிசை இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்கள்தான் தயாரித்த தேதி. 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். சில டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும், திருப்பிப் பார்க்க வேண்டும். யாரோ வரவழைத்து விற்காமல் போன நான்கு வருடப் பழைய டயரை, "உங்களுக்காகவே ஒரு ஜோடி இருக்கிறது சார்" என்று தூசி தட்டிக் காட்டுவார்கள். கறுப்பு டயரில் நான் இவ்வளவு சந்தேகப்படுவதில்லை. வெள்ளையில் தேதி பார்க்காமல் பர்ஸை எடுப்பதில்லை.

அப்படியானால் மீட்டியாருக்கு வெள்ளை வளையம் மாட்டலாமே என்று கேட்பீர்கள். மைத்துனனும் கேட்டான். மெல்லிய ரப்பர் வளையம், டயருக்கும் ரிம் விளிம்புக்கும் நடுவில் செருகி விடுவது. புது டயர் விலையில் சிறு பங்குதான். புல்லட்டில் அதை மாட்டிக்கொண்டு முதல் வாரம் லாங் பஜாரில் தேவையில்லாமல் இரண்டு தடவை சுற்றினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. டீக்கடையில் நிறுத்தினால் யாராவது வந்து விரலால் தொட்டுப் பார்ப்பார்கள்.

மூன்றாவது வாரம் பெங்களூர் பயணம். பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டி வேகம் 80ஐத் தொட்டதும் முன்சக்கரத்திலிருந்து ஒரு சத்தம், ஈரத் துணியை யாரோ படபடவென்று உதறுவது போல. வேகத்தைக் குறைத்தால் நின்றுவிடும், கூட்டினால் மறுபடியும். ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். வளையத்தின் வெளி விளிம்பு காற்றில் அகன்று, டயரை விட்டு ஒரு விரல் நுழையும் அளவுக்கு விலகி நின்றது. மெல்ல ஓட்டிக்கொண்டு ஆம்பூர் போய், பஞ்சர் கடையில் கழற்றினேன். கழற்றிய பிறகு பார்த்ததுதான் பயமுறுத்தியது. வளையத்துக்கும் டயருக்கும் நடுவில் புகுந்த பொடி மணல், இரண்டும் உரசிய உரசலில், டயரின் பக்கவாட்டை வட்டமாக அராவியிருந்தது. டயரிலேயே மெல்லிய பகுதி பக்கவாட்டுதான். ஓடும்போது வளைந்து நிமிர்வதும் அதுவே. அங்கே உப்புத்தாள் வைத்துக் கட்டிக்கொண்டு ஓடியதற்குச் சமம். கண்காட்சியில் நிற்கும் வண்டிக்கும் ஞாயிற்றுக்கிழமை கோட்டையைச் சுற்றிவரும் வண்டிக்கும் வளையம் போதும். நெடுஞ்சாலை ஏறுகிறவர்களுக்கு வேண்டாம்.

பெயிண்ட் கதை சின்னது. ரப்பர் வளைகிறது, பெயிண்ட் வளைவதில்லை. இரண்டு வாரத்தில் பாளம் பாளமாக விரிசல், மூன்றாவது வாரம் பல்லி உரித்த தோல் போல உதிர்ந்தது. டயருக்கென்றே விற்கும் பெயிண்ட் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். எழுத்துகளை மட்டும் வெள்ளையாக்கிக்கொள்ள அது போதுமானது. சக்கரம் முழுக்கப் பட்டை தீட்ட அல்ல.

ஆக மிஞ்சுவது இரண்டுதான். வண்டியின் அளவிலேயே ஆலையில் செய்து வந்த வெள்ளை, இல்லையென்றால் கறுப்பு. ஆலையில் செய்த வெள்ளை, மேலே பூசியது அல்ல. வெள்ளை ரப்பர் ஒரு படலமாக டயருக்குள்ளேயே வார்க்கப்பட்டு, மேலிருக்கும் கறுப்பைச் சீவி எடுத்து அதை வெளியே கொண்டுவருகிறார்கள். அதனால்தான் அது உரிவதில்லை. ஒரு காலத்தில் எல்லா டயரும் வெளிறிய நிறம்தான். மிஷலின் நிறுவனத்தின் டயர் மனிதன் 1898இல் பிறந்தபோது வெள்ளையாக இருந்ததற்குக் காரணம் அன்றைய டயர்களின் நிறமே. பிறகு, கரிப்பொடியைச் சேர்த்தால் ரப்பர் பல மடங்கு உழைக்கும் என்று கண்டார்கள். முதலில் சாலையைத் தொடும் பகுதிக்கு மட்டும் கரி சேர்த்தபோதுதான், தரையில் படுவது கறுப்பு, பக்கவாட்டு வெள்ளை என்ற இந்த அலங்காரம் தானாக உருவானது. அன்று சிக்கனம், இன்று ஆடம்பரம். ஓட்டத்துக்கு வெள்ளையால் எந்த லாபமும் கிடையாது. இதை நெஞ்சில் கை வைத்து ஒப்புக்கொண்ட பிறகு வாங்குங்கள்.

பட்டையின் அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிடைக்கிற இடத்தில் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் நான் குறுகியதைத்தான் எடுப்பேன். அகலப் பட்டை படத்தில் அழகு. ஆனால் அது ரிம் அருகிலிருந்து தரை அருகு வரை வந்துவிடுகிறது. நடைபாதைக் கல்லில் உரசுவதும் வெள்ளை, சேற்றில் இறங்குவதும் வெள்ளை. விரல் அகலப் பட்டை நடுவில் பத்திரமாக இருக்கும். கழுவ ஆகும் நேரமும் பாதி.

கழுவுவது என்று வந்துவிட்டது. உண்மையான செலவு இங்கேதான் இருக்கிறது.

வெள்ளை ஏன் பழுப்பாகிறது என்று தெரிந்தால், எதைப் போட்டுத் தேய்ப்பது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும். வெளியிலிருந்து ஒட்டும் அழுக்கு ஒரு வகை: ஜவ்வாது மலைச் செம்மண், முன் டிஸ்க் பிரேக்கின் கரிய தூள், சாலைத் தார். உள்ளிருந்து வரும் பழுப்பு இன்னொரு வகை. வெயிலிலும் காற்றிலும் ரப்பர் வெடிக்காமல் இருக்கச் சில வேதிப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். அவை மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு ஊறி வந்து, காற்றுப் பட்டதும் பழுப்பாகின்றன. அவை அங்கே வருவது டயரின் நன்மைக்காகத்தான். வேலூர் மே மாதத்தில், வெயில் 40ஐத் தாண்டும் நாள்களில், வண்டியை வெட்டவெளியில் நிறுத்தினால் இந்த ஊறல் கண்ணெதிரே நடக்கும். நிழலில் நிறுத்துவதைப் போல மலிவான சுத்தம் வேறில்லை.

மூன்றாவது எதிரி செயின். பெங்களூரில் பெரியப்பா மகன் ஹெரிடேஜ் வைத்திருக்கிறார்; அவர் வண்டியின் பின்டயர் என்னுடையதைவிட எப்போதும் வெளுப்பு. "அண்ணா, என்ன போட்டுக் கழுவுகிறீர்கள்?" என்று பல தடவை கேட்டிருக்கிறேன். ரகசியம் சோப்பில் இல்லை; அவர் வண்டியில் செயினே இல்லை, பெல்ட். என் வண்டியில் செயினுக்கு எண்ணெய் விட்டுக் கிளம்பினால், முதல் பத்து கிலோமீட்டரில் செயின் பக்கத்து வெள்ளையில் கறுப்புச் சாரல் விழும். இப்போது இரவே எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்து, காலையில்தான் வண்டியை எடுக்கிறேன். சாரல் பெருமளவு குறைந்துவிட்டது.

நான் கழுவும் முறை இதுதான். காலை ஏழு மணிக்கு முன்பே, டயர் குளிர்ந்திருக்கும்போது, நிழலில். ஒரு வாளித் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒரு மூடி, துணி தேய்க்கும் நைலான் பிரஷ். முதலில் வெறும் தண்ணீர் விட்டு மண்ணை இறக்க வேண்டும். மண்ணோடு தேய்த்தால் மண்ணே அரம். பிறகு முக்காலியில் உட்கார்ந்து கால் சக்கரம் மட்டும் தேய்ப்பேன். நுரை முதலில் டீ நிறத்தில் வழியும், இரண்டாவது தடவை பால் கலந்த டீ, மூன்றாவது தடவை வெள்ளை. உடனே அலசிவிட்டு, வண்டியை ஒரு முழம் தள்ளி அடுத்த கால் பங்கு. முழுச் சக்கரத்துக்கும் ஒரே தடவையாகச் சோப்புப் போட்டால், கடைசிப் பக்கம் வருவதற்குள் முதல் பக்கம் காய்ந்து, அழுக்கு மறுபடி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். முடிந்ததும் பழைய பனியன் துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். எங்கள் தெரு போர் தண்ணீர் அப்படி. காய விட்டால் ரிம்மில் உப்புப் பூக்கும். குழாயில் வரும் காவிரித் தண்ணீரை வண்டிக்கு எடுத்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வாரம் ஒரு முறை இப்படிச் செய்தால் வேறெதுவும் தேவைப்படாது. பயணம் போய்விட்டு வந்து மூன்று வாரம் விட்டால்தான் ஆயுதம் தேட வேண்டிவரும். அப்போது சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்ப்பேன், மெதுவாக வேலை செய்யும். மேஜிக் ஸ்பான்ஜ் என்று விற்கும் வெள்ளைப் பஞ்சு நன்றாகவே எடுக்கிறது. ஆனால் அது உண்மையில் மிக மெல்லிய உப்புத்தாள். கூடவே டயரில் ஒரு மயிரிழையும் போகும், பஞ்சும் கரைந்துபோகும். மாதம் ஒரு தடவைக்கு மேல் எடுப்பதில்லை. இரும்பு நார் வேண்டவே வேண்டாம். கீறிய கோடுகளில் அழுக்கு குடியேறி, அடுத்த வாரம் முன்பைவிடக் கறுப்பாகும். உடைந்த துணுக்குகள் கம்பிகளுக்கு நடுவில் சிக்கித் துருவாக இறங்கும். நிஜ உப்புத்தாள் கடைசி மருந்து. நடைபாதைக் கல்லில் உரசிய கறை போகாவிட்டால் மட்டும், நீரில் நனைத்த மிக நைஸான தாளால், அந்த இடத்தில் மட்டும். வெள்ளைப் படலம் மெல்லியது, தேய்ந்த வெள்ளை திரும்ப வராது.

பிளீச்சிங் பவுடரில் ஊற வைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் பளிச்சென்று இருக்கும். ரப்பர் வறண்டு, அலுமினிய ரிம்மும் கம்பிகளும் பூத்துப்போகும். பக்கத்து வீட்டு அத்தை சொட்டு நீலம் போடச் சொன்னார். பஞ்சாயத்து வேண்டாமென்று போட்டும் பார்த்தேன். ரப்பர் நீலத்தைக் குடிக்கவில்லை, டயரில் இருந்த எழுத்துகளின் பள்ளங்கள் குடித்தன. பிறகு பல் துலக்கும் பிரஷ்ஷோடு ஒரு மணி நேரம்.

நீலம் என்றதும் ஒன்று. புது வெள்ளைப் பட்டை டயர்கள் சில, பட்டையின் மேல் நீலப் பூச்சோடு வரும். டயர்களை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கும்போது கறுப்பின் கறை வெள்ளையில் ஏறாமல் காக்கும் பூச்சு அது. பெங்களூர் அண்ணன் வீட்டில் அதைப் பார்த்த என் அம்மா, "வேட்டிக்குப் போட வேண்டிய நீலத்தை யாரோ இதில் கொட்டிவிட்டார்களே" என்றார். வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் போட்டால் இறங்கிவிடும். வெயிலில் ஓட்டிக் காய வைப்பதற்கு முன் கழுவிவிட வேண்டும். பெட்ரோல் துணியால் துடைக்கக் கூடாது.

பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் மூன்றும் ரப்பருக்குப் பகை என்பதை நான் கைக்காசு கொடுத்துக் கற்றேன். ஜமுனாமரத்தூர் போய்த் திரும்பிய சேற்றோடு வண்டியை ஒரு வாட்டர் சர்வீஸ் கடையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். வழக்கம்போலக் கிரீஸ் இளக வண்டியின் அடியெல்லாம் டீசல் பீய்ச்சினார்கள். டயரிலும் விழுந்தது. கடைசியில் உபசாரமாக, வெள்ளையின் மேலேயே டயர் பாலிஷ் தடவி மினுமினுக்க வைத்திருந்தார்கள். பத்து நாளில் செயின் பக்கத்து வெள்ளை, பழைய பல் போல மஞ்சளாகிவிட்டது. டீசல் ரப்பருக்குள் இறங்கினால் உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பரின் எண்ணெய்க்கும் வெளியே வர வழி திறந்துவிடுகிறது; மேலே எவ்வளவு தேய்த்தாலும் உள்ளிருந்து ஊறிக்கொண்டே இருக்கும். அந்த மஞ்சள் இன்றைக்கும் லேசாக இருக்கிறது. இப்போது கடையில் விட்டாலும் பக்கத்தில் நின்று, "டயர் பக்கம் டீசல் வேண்டாம், பாலிஷ் வேண்டாம்" என்று சொல்கிறேன். பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறான்.

பஞ்சர் ஒட்டும்போதும் இதே காவல் தேவை. இரும்பு லீவரைப் போட்டு நெம்பினால் வெள்ளையில் பிறை பிறையாகத் தழும்பு விழும். எங்கள் பாய் கடையில் லீவருக்கு அடியில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை வைத்து நெம்புவார். மெஷின் இருக்கும் கடையாக இருந்தால் இன்னும் நல்லது.

மைத்துனன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "வாரத்துக்கு அரை மணி நேரமா?" என்றான். அவன் பிஸ்கட் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. குடியாத்தம், திருப்பத்தூர், போளூர் என்று தினமும் வண்டியில் அலைகிறவன். வண்டியை இரவில் தெருவில்தான் நிறுத்துகிறான். என் ஆலை வெள்ளை அவன் பின்சக்கரத்துக்கு ஏறாது, வளையம் ஆபத்து, பெயிண்ட் வீண். கறுப்பே வாங்கு என்றேன். முன்னும் பின்னும் ஒரே கம்பெனி, ஒரே மாதிரி, வண்டியோடு வந்த அளவு. வெள்ளை வேண்டுமென்றே மனம் அடித்துக்கொண்டால், எழுத்துகளை மட்டும் டயர் பெயிண்ட் பேனாவால் தீட்டிக்கொள்ளலாம். உதிர்ந்தால் நஷ்டம் அரை மணி நேரம். அடுத்த நாள் அதே சத்துவாச்சாரி கடைக்குப் போய், நான்கு மாதத்துக்கு முன் தயாரான ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு வந்தான். எழுத்துகளைத் தீட்டவில்லை.

மூடிய கொட்டகையும், கழுவப் பொறுமையும், கோவன் போல அளவு பொருந்தும் வண்டியும் இருப்பவர்களுக்கு என் பதில் வேறு. வாங்கலாம். காலை வெயிலில் ஏலகிரியின் 14 வளைவுகளும் ஏறி முடித்து, மேலே வண்டியை நிறுத்திவிட்டு நாலடி தள்ளி நின்று திரும்பிப் பார்க்கும்போது, அந்த அரை மணி நேரங்கள் கணக்கில் வருவதில்லை. என் பின்டயர் இன்னும் 3,000 கிலோமீட்டர் ஓடும் என்று நினைக்கிறேன். அடுத்ததும் வெள்ளைதான் என்று கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் முதலில் கடைசி நான்கு இலக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.